புட்டிக் கழுத்துக்கு ஒரு குறடு

எங்கள் மாடியில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர், தமக்கு எழுபது வயது நிறைய ஒன்றரை மாதம் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் கீழே இறங்கி வந்து, தாம் ஒரு பொய் சொல்லிவிட்டதாக என் மாமனாரிடம் ஒப்புக்கொண்டார்.

மாமனார் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். காலையில் பன்னிரண்டு திருமண்ணும் இட்டுக்கொண்ட பிறகுதான் அவருக்குக் காபியே இறங்கும். பொய் என்ற சொல் காதில் விழுந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது வருஷம் பையன்களிடம் பொய் கேட்டவர் என்பதால், தானாக வந்து ஒப்புக்கொள்கிறவர் அவருக்குப் புதுசு.

பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோயில் கல்வெட்டுகளைப் படிப்பதற்காக வந்தவர். தமிழையும் கல்வெட்டிலிருந்துதான் கற்றிருந்தார். அதனால் பேச்சும் கல்வெட்டு மாதிரியே இருக்கும். ஆட்டோக்காரர்களை நிறுத்தி, "இவ்வண்டி திருவரங்கத்துக்குச் செல்லக் கடவதோ?" என்று கேட்பார். அவர்கள் பயந்துபோய் நியாயமான கூலி கேட்டுவிடுவார்கள். மாடிப்படி திருப்பத்தில் அவருக்கென்று ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது. அதன் கதவில் அவர் கைப்பட எழுதி ஒட்டியிருந்த காகிதம் இப்படிச் சொன்னது: "இப்பாலாடைக்கட்டிக்கு அழிவு செய்தார் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் போவார்." கல்வெட்டுகளின் கடைசி வரியில் வரும் சாபம் அது. 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்பதைத் தமிழில் மரியாதையாகச் சொல்வது இப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார். மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் என் மாமியார் அந்தத் திருப்பத்தில் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு சுவரோரமாகப் போவார்.

"மதுவென்பது இல்லத்துள் இல்லை என்றேன்," என்றார் பிரெஞ்சுக்காரர். "ஒன்று உண்டு."

குடிவந்த அன்றைக்கே மாமனார் நிபந்தனை போட்டிருந்தார். மாமிசம், முட்டை, மது மூன்றும் கூடாது. இவரும் "அவ்வண்ணமே ஆகுக" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். இப்போது மாடிக்குப் போய், துண்டில் சுற்றிய ஒரு பொருளைப் பச்சைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய ஒயின் புட்டி. லேபிளைப் பூச்சி தின்று பாதிதான் மீதி.

"யான் பிறந்த யாண்டில் என் தந்தையார் இதனைக் கொண்டார். எழுபது அகவை நிறையும் நாளில் திறப்பாயாக என்று விதித்தார்."

"யாரு, உங்க தோப்பனாரா?" என்றார் மாமனார்.

"என் தந்தையார்."

"அவரே கையால குடுத்தாரா?"

"அவர் கையால்."

"இன்ன வயசுல தெறக்கணும்னும் அவரே சொன்னாரா?"

"அவரே."

மாமனார் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அப்படின்னா இது மது இல்லை. பிதுர் வாக்கியம்," என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுக்களையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "பிதுர் வாக்கியம் பாட்டில்லயா வரும்?"

மாமனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர் முகம் தெளியவில்லை. தக்கை உளுத்துவிட்டது, திருகியைப் போட்டால் பொடிப் பொடியாக உள்ளே விழுந்து எல்லாம் பாழாகிவிடும் என்று தம் கல்வெட்டுத் தமிழில் விளக்கினார். இந்த மாதிரிப் புட்டிகளுக்கென்று அவர் ஊரில் ஒரு குறடு உண்டாம்.

"செந்தீயிற் காய்ச்சிய இருப்பு வளையத்தைக் கழுத்திற் பூட்டி, பின்பு குளிர்நீர் தடவ, கழுத்துத் தானே அறும்," என்றார்.

மாமியார் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "பெருமாளே! யார் கழுத்தை அறுக்கப் போறா?"

"புட்டி கழுத்து," என்றார் மாமனார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் காலேஜுக்குக் கிளம்பி, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, நீ பண்ணுவியோ?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. திருச்சிக்கு வெளியே ஒரு என்ஜினியரிங் காலேஜில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வொர்க்‌ஷாப் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நான் மணப்பாறைப் பக்கம் மாடு வளர்க்கிற வீட்டுப் பெண். லாடம், வண்டிப்பட்டை, கலப்பைக் கொழு என்று இரும்போடு வளர்ந்தவள். இந்த வீட்டுப் பிள்ளையைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது, என்னோடு வந்த சீதனத்தில் ஆறு சுத்தியல் இருந்தது. காலேஜில் புது உலை வாங்கியபோது பழைய உலையையும் பட்டறைக்கல்லையும் நான் கேட்டு வாங்கி, எங்கள் கொல்லைப்புறத்தில் போட்டுக்கொண்டேன். லீவு நாளில் தாழ்ப்பாள், தோசைத்திருப்பி என்று ஏதாவது அடிப்பேன். மற்ற நாளில் பட்டறைக்கல்லின் மேல் மாமியார் வடாம் தட்டைக் காய வைப்பார். என் கணவருக்குப் பெங்களூரில் வேலை. மாதம் ஒரு தடவை வந்து, கொல்லையில் நடக்கும் எதையும் பார்க்காமல் திரும்பிப் போய்விடுவார்.

"பண்ணலாம் மாமா. ஆனா அளவு வேணும்," என்றேன்.

"கெணத்துக்கு இந்தப் பக்கம் அந்த வஸ்து வரப்படாது," என்றார் மாமியார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் வீடு என்ற கணக்கில் வராது என்று ஏற்பாடாயிற்று. மாடியிலிருந்து வீட்டுக்குள் நுழையாமல் புட்டி எப்படி அங்கே போகும் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

அளவு எடுக்கும் பொறுப்பை மாமனார் ஏற்றுக்கொண்டார். புட்டியைத் தொடக் கூடாது. அளவும் சரியாக வர வேண்டும். பூத்தொடுக்கிற வாழைநார் ஒன்றை இரண்டு கையிலும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரெஞ்சுக்காரர் புட்டியைச் சாய்த்து, அதன் கழுத்தை நாரில் வைத்து உருட்டினார். முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் நான் மையால் புள்ளி வைத்தேன். மாமனார் உடனே போய் ஒரு முறை குளித்துவிட்டு வந்தார்.

நான் செய்ய வேண்டியிருந்தது பெரிய பாக்குவெட்டி மாதிரி இரண்டு நீளக் கைகள். நடுவில் ஒரு ரிவிட். முனையில் இரண்டு அரைவட்டங்கள். மூடினால் அவை ஒரு வளையமாகிப் புட்டிக் கழுத்தைச் சுற்றி ஒட்டி உட்கார வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் அரைவட்டம் இரண்டும் கழுத்தில் எல்லா இடமும் ஒரே மாதிரித் தொட வேண்டும். ஒரு பக்கம் தொட்டு ஒரு பக்கம் தொடாவிட்டால் விரிசல் இஷ்டத்துக்குப் போகும்.

சதுரக் கம்பி வாங்கி வந்து, கொட்டாங்கச்சிக் கரி மூட்டினேன். காற்றுக்கு, உள்ளே விசிறி வைத்து, கையால் சுற்றுகிற ஊதுகுழல்தான். பிரெஞ்சுக்காரர் சுற்ற வந்தார். மாமனார் அவரை நகர்த்திவிட்டுத் தாமே உட்கார்ந்துகொண்டார்.

"ஒரே சீரா சுத்தணும் மாமா. வேகம் கூடக் குறைய இருக்கக் கூடாது," என்றேன்.

"அதுக்கு வழி இருக்கு," என்று சொல்லிவிட்டு, "ராமஹ, ராமௌ, ராமாஹா," என்று ஆரம்பித்தார். வகுப்பில் பையன்களுக்கு நாற்பது வருஷம் சொல்லிக்கொடுத்த வேற்றுமை வாய்ப்பாடு. ஒரு சொல்லுக்கு ஒரு சுற்று. முதல் வேற்றுமையில் கம்பி கறுப்பாகவே இருந்தது. நான்காம் வேற்றுமையில் ரத்தச் சிவப்பு தெரிந்தது. "ராமே, ராமயோஹோ, ராமேஷு" என்று ஏழாம் வேற்றுமைக்கு வரும்போது அடிக்கிற பதத்தில் பழுத்திருந்தது. நானும் இருபது வருஷமாக உலையில் நிற்கிறேன். இவ்வளவு சரியான கடிகாரத்தைப் பார்த்ததில்லை. பிரெஞ்சுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. புகையாகவும் இருக்கலாம்.

குறடு முடிந்ததும் அதைச் சோதித்துப் பார்க்கப் புட்டி வேண்டுமே. உண்மையான புட்டியில் கை வைப்பதற்கு முன்னால் குறைந்தது பத்துப் புட்டியிலாவது பழக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் காலி ஒயின் புட்டிக்கு யாரிடம் போய்க் கேட்பது? காந்தி மார்க்கெட் பக்கம் பழைய பாட்டில் வியாபாரம் செய்யும் பாய் ஒருவரை எனக்குத் தெரியும். போய்வருகிறேன் என்று கிளம்பினேன்.

"நானும் வரேன்," என்றார் மாமனார். "ஒரு பொம்மனாட்டி தனியா சாராய பாட்டிலைத் தூக்கிண்டு வந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவா. நான் கூட வந்தா ஒண்ணும் பேச மாட்டா."

பாய் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "என்ன பாட்டில்மா வேணும்? பீரா, பிராந்தியா?"

"ஒயின் பாட்டில் பாய். கழுத்து நீளமா, கீறல் இல்லாம."

"ஒயினா? அது எப்பயாச்சும் ஓட்டல்லேருந்துதான் வரும். யாருக்கு, ஐயாவுக்கா?"

"ஆமா, எனக்குத்தான்," என்றார் மாமனார் சாதாரணமாக. காரியத்தைத் தம்முடையதாகவே எடுத்துக்கொண்டிருந்தார். பாய் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய்த் தேடித்தேடி பதினெட்டுப் புட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். "உடம்பைப் பாத்துக்கங்க ஐயா," என்று மட்டும் சொன்னார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் டவுன் பஸ் ஏறினோம். சாக்கை மாமனார் காலடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அது கோயில் மணி மாதிரி அடித்தது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, மாமனாருக்கு ஒன்று. கண்டக்டர் லக்கேஜ் எவ்வளவு என்று பார்க்கச் சாக்கைக் காலால் தட்டினார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"சார்! நீங்களா? நான் உங்க ஸ்டூடண்டு சார். ஒன்பதாவது பி."

"அடடே, நீயா? நன்னா இருக்கியாப்பா?"

"இருக்கேன் சார். மூட்டையில என்னங்க சார்?"

மாமனாருக்குப் பொய் வராது. "காலி பாட்டில்ப்பா. ஒயின் பாட்டில்."

பஸ்ஸில் முன்னால் இருந்த இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது.

"எல்லாமே காலியா சார்?"

"எல்லாம் காலி."

கண்டக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எத்தனை நாள்ல சார்?"

"இப்பத்தான். ஒரு மணி நேரத்துல," என்றார் மாமனார். புட்டி வாங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்பதாக நினைத்துவிட்டார். நான் ஜன்னல் வழியாகக் காவிரியைப் பார்த்தேன். காவிரியில் அப்போது தண்ணீர்கூட இல்லை. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடவில்லை. ராஜகோபுரத்துக்கு முன்னால் நாங்கள் இறங்கும்போது அவரே சாக்கை இறக்கிக்கொடுத்து, "சார், மனசுல எதையும் வெச்சுக்காதீங்க சார். ஏதாச்சும்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க," என்றார்.

"ரொம்ப மரியாதையான பையன்," என்று மாமனார் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

சோதனை ஆரம்பித்தது. புட்டிகளில் தண்ணீர் நிரப்பித் தக்கை அடைத்தோம். முதல் குறடு தளர்ச்சி. வளையம் கழுத்தைத் தொடவே இல்லை. இரண்டாவது குறட்டின் வாய் மெலிந்துவிட்டது. உலையிலிருந்து எடுத்துப் புட்டியை அடைவதற்குள் ஆறிப்போயிற்று. தடித்த கம்பியில் மூன்றாவது அடித்தேன். வளையத்தைக் குழாய்த் துண்டில் வைத்து வளைத்து, வாழைநார் புள்ளிக்குச் சரியாக அரத்தால் ராவினேன். இந்தக் குறடு வேலை செய்தது. ஆனால் முதல் புட்டியில் நான் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டதால் விரிசல் கழுத்தை விட்டு இறங்கித் தோளுக்குப் போய், புட்டி இரண்டாகப் பிளந்து, உள்ளேயிருந்த தண்ணீர் உலையில் பாய்ந்து, மாமனார் முகமெல்லாம் சாம்பல். பன்னிரண்டு திருமண்ணில் இரண்டுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஈரத்துணியால் லேசாகத் தடவினால் போதும் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதற்கும் வாய்ப்பாடுதான். மூன்றாம் வேற்றுமையில் எடுத்தால் ஒன்றும் ஆகாது. ஏழாம் வேற்றுமை வரை பிடித்தால் கோணல். ஆறாம் வேற்றுமை முடிந்ததும் எடுத்துத் துணியைத் தொட்டால், 'டிக்' என்று ஒரு சத்தம். தக்கையோடு கழுத்து அப்படியே கையில் வந்துவிடும். வெட்டிய இடம் வழுவழுவென்று இருக்கும்.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டு மாமி கறிவேப்பிலை பறிக்க அடிக்கடி வந்தார். எங்கள் கொல்லைக்கும் அவர் கொல்லைக்கும் நடுவில் மார்பளவு சுவர்தான். கறிவேப்பிலை மரம் அவர் பக்கம், கிளை எங்கள் பக்கம். மாமி பார்த்தது இதுதான்: கனல் அடுப்பு. வட்டமாகச் சிவந்த இரும்பு. பன்னிரண்டு திருமண்ணோடு ஒருவர் உட்கார்ந்து சம்ஸ்கிருதம் சொல்கிறார். எதிரில், வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு கைகட்டி நிற்கிற ஒரு வெள்ளைக்காரர்.

வைஷ்ணவர்களில் சமாஸ்ரயணம் என்று ஒரு சடங்கு உண்டு. ஆசார்யன் சங்கு சக்கர முத்திரைகளைக் கனலில் காய்ச்சி, சிஷ்யரின் இரண்டு தோளிலும் ஒற்றுவார். மாமிக்கு வேறு எதுவும் தோன்ற நியாயமில்லை. முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது நான் என்பது மட்டும்தான் அவருக்குப் புரியவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எங்களிடம் மட்டும்தான் கேட்கவில்லை.

பிறந்தநாள் வந்தது. காலையிலேயே மாமியார் நெய்யும் வெல்லமுமாக அக்காரவடிசல் செய்துவிட்டார். வாசனை சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு மாமிக்கு எட்டியிருக்க வேண்டும். நான் உலையை மூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பேர். கையில் பழத்தட்டு, துளசி மாலை. எல்லோருக்கும் முன்னால், பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயரான எதிர்வீட்டு மாமா. கூட்டம் ரேழி, கூடம் எல்லாவற்றையும் தாண்டிக் கிணற்றடிக்கே வந்துவிட்டது. ஊரார் வாழ்த்த வந்திருக்கிறார்கள் என்று மாமனாருக்குச் சந்தோஷம்.

எதிர்வீட்டு மாமா சந்தோஷமாக இல்லை. "ஸ்வாமி, நல்ல காரியம்தான். இல்லேங்கலை. ஆனா ஆத்துல வெச்சு, மடத்துக்குப் போகாம... யாரு ஆசார்யன்?"

"ஆசார்யனா?" மாமனாருக்கு அந்தச் சொல் கொஞ்சம் பெரிதாகப் பட்டது. ஆனாலும் என் திறமையில் அவருக்குப் பெருமை உண்டு. "எல்லாம் இவதான்," என்று என்னைக் காட்டினார்.

"இவளா!"

"கை நன்னாப் பழகிடுத்து. நேத்து மட்டும் ஏழு பண்ணியிருக்கா."

"ஏழு பேருக்கா?"

"அதுல மூணுதான் சரியா வரலை. கழுத்துல வர வேண்டியது தோள்ல வந்துடுத்து. பொளந்துண்டு போயிடுத்து."

எதிர்வீட்டு மாமா பக்கத்தில் இருந்த துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாமி "அவாள்லாம் இப்ப எங்கே?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"அந்த மூலைல சாக்குல போட்டு வெச்சிருக்கு," என்றார் மாமனார்.

நான் இதற்கு மேல் பொறுக்க முடியாமல், "புட்டிங்க! எல்லாம் புட்டிங்க!" என்று கத்தினேன். சாக்கை இழுத்து வந்து அவிழ்த்துக் காட்டினேன். சரியாக அந்த நேரத்தில் பிரெஞ்சுக்காரர் புது வேட்டி கட்டிக்கொண்டு, துண்டில் சுற்றிய புட்டியோடு படியிறங்கி வந்து, கூட்டத்தைப் பார்த்து, "எம் பிறந்தநாட்குப் போந்த சபையார்க்கு வணக்கம்," என்றார்.

புரிந்துகொள்ள எல்லோருக்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று. எதிர்வீட்டு மாமா எழுந்து வந்து புட்டியை எட்டிப் பார்த்தார். "ஸ்வாமி, இது... அதுவா?"

"அவர் தோப்பனார் குடுத்தது. எழுபது வயசுல தெறன்னு சொல்லிட்டுப் பரமபதிச்சுட்டார்."

மாமா கையிலிருந்த துளசி மாலையைப் பார்த்தார். "அப்ப தெறக்கத்தான் வேணும்," என்றார். யாரும் போகவில்லை. எல்லோரும் கிணற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றுகொண்டார்கள். பழத்தட்டையும் கீழே வைக்கவில்லை.

மாமனார் ஊதுகுழலுக்கு முன்னால் உட்கார்ந்தார். குறட்டின் வாய் பழுத்ததும் எடுத்துப் புட்டியின் கழுத்தில் பூட்டினேன். எழுபது வருஷத்தில் அந்தப் புட்டிக்கு வந்த ஆபத்துகளில் நான்தான் பெரியது என்று தோன்றியது. "ராமஹ, ராமௌ, ராமாஹா..." மாமனார் நிதானமாகச் சொன்னார். கூட்டத்தில் அவரிடம் படித்தவர்கள் நாலைந்து பேர் இருந்திருக்க வேண்டும். மூன்றாம் வேற்றுமையில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ராமஸ்ய, ராமயோஹோ, ராமாணாம்!" ஆறாம் வேற்றுமை. குறட்டை எடுத்தேன். ஈரத்துணியைத் தடவினேன்.

'டிக்.'

தக்கையோடு கழுத்து சுத்தமாகத் தனியே வந்தது. ஒரு துளி சிந்தவில்லை, ஒரு பொடி உள்ளே விழவில்லை. யாரோ "கோவிந்தா!" என்றார்கள். பழக்கதோஷத்தில் மொத்தக் கூட்டமும் "கோவிந்தா!" என்றது.

பிரெஞ்சுக்காரர் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். மழைத்தண்ணீர் தேங்கிய தகர டப்பாவின் நிறம். வாசனை கிணற்றைத் தாண்டி வந்தபோது மாமியார் மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "பழைய காடி," என்று முணுமுணுத்தார். பிரெஞ்சுக்காரர் டம்ளரை உயர்த்தி, வானத்தைப் பார்த்துத் தம் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னார். அப்பாவிடம் பேசினார் என்பது மொழி தெரியாமலே எல்லோருக்கும் தெரிந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு வாய் குடித்தார்.

முகம் நாலு கோணலாகப் போயிற்று.

"எப்படி இருக்கு?" என்றார் மாமனார்.

எட்டு மாதமாகக் கல்வெட்டுத் தமிழைத் தவிர வேறு தமிழ் பேசாத மனிதர், வாயைத் துடைத்துக்கொண்டு திருச்சித் தமிழில் தெளிவாகச் சொன்னார்: "சகிக்கல சார்."

ஆனாலும் அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மிச்சத்தையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தார். குடிக்கக் குடிக்கச் சிரித்தார், அழுதார், இருமினார். அப்பா ஏமாந்துதான் வாங்கியிருக்க வேண்டும், அவருக்கு ஒயின் வாங்கத் தெரியாது என்று அம்மா எப்போதும் சொல்வார் என்று பிறகு சொன்னார். புட்டியில் பாக்கி இருந்ததை நாரத்தைமரத்து வேரில் ஊற்றினோம். எதிர்வீட்டு மாமா துளசி மாலையை அவர் கழுத்தில் போட்டார். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போவது நன்றாக இராது என்றார். எல்லோரும் அக்காரவடிசல் சாப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். வாயில் இருந்த ருசியை மாற்ற வேண்டும் என்றார்.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். சாயங்காலம் நான் உலையை அணைக்கப் போகும்போது மாமனார் வந்து, "இன்னும் கனல் இருக்கோல்லியோ? ஒண்ணே ஒண்ணு பண்ணலாமா?" என்று கேட்டார். குறட்டைத் தாமே பிடிக்க வேண்டும் என்று ஆசை. சாக்கில் மீதி இருந்த ஒரு புட்டியில் செய்தார். அழகாக வந்தது. இன்னொன்று செய்தார். அதுவும் வந்தது. புட்டி தீர்ந்துவிட்டது. அவருக்கு ஆசை தீரவில்லை. வீட்டுக்குள்ளே போய் எதையோ தேட ஆரம்பித்தார்.

அன்றைக்கு மாமியாரும் நல்ல மனநிலையில் இருந்தார். அதுதான் தப்பாகிவிட்டது. "அந்தக் கொல்லிமலைத் தேன் பாட்டில் மூடி ரெண்டு மாசமாத் தெறக்க மாட்டேங்கறது," என்று அவரே எடுத்து வந்து, அவரே கிணற்றைத் தாண்டி, மாமனார் கையில் கொடுத்தார்.

"இது மெல்லிசுக் கண்ணாடி மாமா, வேண்டாம். மூடியை வெந்நீர்ல காட்டினாலே போதும்," என்றேன்.

"நீ ஊதுகுழலைச் சுத்து. நான் பார்த்துக்கறேன்," என்றார்.

நான் சுற்றினேன். இரண்டாம் வேற்றுமை தாண்டவில்லை. வெடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்த புறாவெல்லாம் பறந்தன. தேன் முழுவதும் கனலில் கொட்டி, கருகிய சர்க்கரை வாசனை வீதிக் கோடி வரைக்கும் போயிற்று. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதுதான் ஆறுதல். மாமனார் குறட்டைப் பட்டறைக்கல்லின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, என்னிடம் சொல்வதுபோல மாமியாருக்குக் கேட்கும்படி, "தேன் பழசு. எப்படியும் கெட்டுத்தான் போயிருக்கும்," என்றார்.

மறுநாள் காலையில் கொல்லை முழுக்க எறும்பு. உலை, பட்டறைக்கல், குறடு, துணி துவைக்கிற கல், எல்லாவற்றின் மேலும் ஊர்ந்தன. ஒரு வாரம் நாங்கள் அந்தப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. மாமியார் அந்த ஒரு வாரமும் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. காபி மட்டும் நேரத்துக்கு வந்தது. டம்ளரை வைக்கும்போது சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.